இது நிஜமா, ஏஐயா?

போலிப் படங்களைப் பிடிக்கும் குட்டி மாடல்கள் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டன. அவை எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

2025 மார்ச் 22, சனிக்கிழமை சாயங்காலம். பெங்களூருவை அடுத்த ஆனேக்கல் தாலுகா ஹுஸ்கூரில் மத்தூரம்மா திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அவரவர் ஊரில் தேர் கட்டி, மாடும் டிராக்டரும் பூட்டிக் கோயிலுக்கு இழுத்து வருவது அங்கே வழக்கம். 100 அடிக்கு மேல் உயரம், உடம்பு முழுக்க வண்ணத் துணி, நாலு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள். அன்றைக்குக் காற்றும் மழையும் சேர்ந்துகொண்டன. கயிறு பிடித்தவர்கள் பிடித்தபடி இருக்க, தேர் சாய்ந்து விழுந்தது. உயிர்ப்பலியும் ஆனது. பலர் அதைக் கைப்பேசியில் பிடித்தார்கள். ராத்திரிக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது.

விஷயம் தெரியாத ஒருவரிடம் இன்றைக்கு அந்த வீடியோவைக் காட்டிப் பாருங்கள். அடுக்குமாடி உயரத்துக்கு ஒரு தேர், அது சரிவது, கீழே கூட்டம் சிதறுவது. “இது ஏஐதானே?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கண்முன்னே நடந்த சாவுக்கும் இனி சாட்சி கேட்பார்கள்.

அதே தாலுகாவின் சந்தாபுராவிலும் அத்திபெலேயிலும் டீக்கடையில் நிற்பவர்களிடம் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் கேட்கலாம். பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள், ஓசூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி வருகிறவர்கள், பட்டுத்தறிக்காரர்கள், மனை புரோக்கர்கள். எல்லார் கையிலும் ஒரு போன். பெரும்பாலும் விலை குறைந்த போன். படம் நிஜமா பொய்யா என்ற கேள்வி இந்த போன்களில்தான் வந்து விழுகிறது. பதில் சொல்லும் இயந்திரமோ இவ்வளவு காலம் எங்கோ ஒரு சர்வரில் இருந்தது. அந்தத் தூரத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள் ‘லைட்வெயிட்’ டீப் லேர்னிங் மாடல் செய்கிறவர்கள்.

சென்னை வெள்ளத்தில் ஒரு ஜன்னல்

படத்தை மாற்றுவது பழைய வேலை. 2015 டிசம்பர் 3 அன்று சென்னை வெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்தபோது, பிரதமர் மோடி விமானத்திலிருந்து பார்வையிடும் படம் ஒன்றை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் சூழ்ந்த கட்டடங்கள் கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிந்தன. அவ்வளவு தெளிவு அங்கே இருக்க முடியாது என்று பார்த்தவர்களே பிடித்துவிட்டார்கள். இரண்டு படங்களைச் சேர்த்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, வருத்தம் தெரிவித்து, படத்தை நீக்கியது அலுவலகம்.

அன்றைக்கு வெறும் கண்ணே போதுமாக இருந்தது. 2023 மே 28 அன்று டெல்லியில் கைதான மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகாட், சங்கீதா போகாட் இருவரும் போலீஸ் வேனில் எடுத்த செல்ஃபியில், அவர்கள் பல் தெரியச் சிரிப்பதுபோல மாற்றிப் பரப்பினார்கள். முகத்தைத் திருத்தும் ஒரு கைப்பேசி ஆப் போதும், அதே சிரிப்பு வந்துவிடும் என்று உண்மை சரிபார்ப்பவர்கள் செய்தே காட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ராஷ்மிகா மந்தனாவின் முகம் வேறொரு பெண்ணின் உடம்பில் ஏறியது. 2025 ஆகஸ்டில் ஜெமினியின் ‘நானோ பனானா’ வந்து, செப்டம்பரில் ஊரே சேலை கட்டிய சினிமா போஸ்டர் ஆனது. அதுவரை ஆளுக்கும் காசுக்கும் செலவான வேலை, அதற்குப் பிறகு ஒரு வரி தட்டினால் முடிந்துவிடுகிறது.

■ பெட்டிச் செய்தி: எத்தனை கனம்?

ஒரு மாடலின் கனத்தை அதற்குள் இருக்கும் எண்களை வைத்துச் சொல்வார்கள். 2014இல் வந்த விஜிஜி-16க்குச் சுமார் 13.8 கோடி எண்கள். கோப்பு 500 எம்பியைத் தாண்டும். ரெஸ்நெட்-50க்கு 2.5 கோடிக்குச் சற்று மேல். கூகுள் 2018இல் வெளியிட்ட மொபைல்நெட் வி2க்கு ஏறக்குறைய 35 லட்சம்தான். ஒவ்வொரு எண்ணையும் 8 பிட்டுக்குள் அடக்கினால் 3.5 எம்பி. உங்கள் போன் எடுக்கும் ஒரு போட்டோவின் அளவு. டீப்ஃபேக் முகங்களுக்காகவே 2018இல் செய்த மெசோநெட்டுக்கு 28 ஆயிரம் எண்கள்கூட இல்லை.

ஒட்டுத் துணியின் சுருக்கம்

படத்தில் கைவைத்ததை இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? வழக்கமான மோசடிகள் சில. ஒரே படத்தின் ஒரு பகுதியை வெட்டி அதிலேயே வேறிடத்தில் ஒட்டுவது, வேறு படத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டுவது, இருப்பதை அழித்துவிட்டு அந்த இடத்தை நிரப்புவது. எதைச் செய்தாலும் தடயம் மிஞ்சும். ஒவ்வொரு கேமரா சென்சாருக்கும் தனக்கென்று ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. வெளியிலிருந்து வந்த துண்டில் அது பொருந்தாது. ஜேபெக் படம் 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரிந்துதான் சுருங்குகிறது. ஒட்டிய துண்டின் கட்டம் நகர்ந்திருக்கும்.

நீல் கிராவெட்ஸ் 2007இல் பிரபலப்படுத்திய ஒரு உத்தி இன்னும் எளிது. ஆனேக்கல் நெசவாளிகளுக்கு அதை விளக்கவே வேண்டாம். பழைய துணியில் புதுத் துணியை ஒட்டுப்போட்டு ஒரு தடவை துவைத்தால், பழையது ஏற்கெனவே சுருங்கி முடிந்திருக்கும். ஒட்டு மட்டும் தனியாகச் சுருங்கி இழுத்துக்கொண்டு நிற்கும். படத்தையும் இன்னொரு முறை சுருக்கிச் சேமித்து, முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், ஒட்டிய பகுதி பளிச்சென்று தெரியும். இந்த வித்தியாசப் படத்தைத்தான் பல ஆய்வாளர்கள் மொபைல்நெட் போன்ற குட்டி மாடலுக்குத் தின்னக் கொடுக்கிறார்கள். பழக்குவதற்குப் பெரும்பாலும் சீன அறிவியல் கழகத்தில் உருவான காசியா தொகுப்பு. அதன் இரண்டாம் பதிப்பில் 7,491 நிஜப் படங்கள், 5,123 திருத்திய படங்கள்.

மாடலை இளைக்க வைப்பதும் தனிக் கலை. மொபைல்நெட் செய்தது இதுதான்: படத்தின் எல்லா அடுக்குகளையும் ஒரே மூச்சில் பெருக்கிக் கூட்டாமல், முதலில் அடுக்கு அடுக்காகத் தனித்தனியே பார்த்துவிட்டு, பிறகு கலந்தது. கணக்கு எட்டில் ஒரு பங்காக, ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. துல்லியம் கொஞ்சம்தான் குறைகிறது. இதோடு வேலைக்கு உதவாத இணைப்புகளை வெட்டுவது, பெரிய மாடலை ஆசிரியராக வைத்துச் சின்ன மாடலுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று இன்னும் சில வழிகள் இருக்கின்றன.

இதில் அதிகம் பேசப்படுவது வேகம். என்னைக் கேட்டால் அந்தரங்கம்தான் பெரிய ஆதாயம். தன் முகத்தை ஒட்டிய ஆபாசப் படம் ஒன்று வந்திருக்கும்போது, ‘போலியா என்று பார்க்க இங்கே அப்லோடு செய்யுங்கள்’ என்று சொல்லும் முன்பின் தெரியாத வெப்சைட்டில் எந்தப் பெண் அதை ஏற்றுவாள்? மாடல் போனுக்குள்ளேயே ஓடினால் படம் போனை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

பத்து முறை துவைத்த படம்

சிக்கல் வாட்ஸ்அப்பில் தொடங்குகிறது. அங்கே போட்டோவாக அனுப்பும் ஒவ்வொரு படமும் மறுபடி சுருங்குகிறது. எப்போது, எந்தக் கேமராவில் எடுத்தது என்ற குறிப்புகளும் போய்விடுகின்றன. நாலு பேர் சேமித்து மறுபடி ஏற்றி வரும்போது ஒட்டும் பழையதும் ஒரே மாதிரி சுருங்கிக் கிடக்கும். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருந்தால் கதை முடிந்தது.

இதற்கு நல்ல அளவுகோல் 2019இல் வந்த ஃபேஸ்ஃபோரன்சிக்ஸ்++ ஆய்வு. சுருக்காத வீடியோக்களில் கனமான எக்ஸெப்ஷன் மாடல் 99.26 சதவீதம் சரியாகச் சொன்னது. இலகுவான மெசோநெட் 95.23. வித்தியாசம் பெரிதில்லை. அதே வீடியோக்களை நன்றாகச் சுருக்கிக் கொடுத்தபோது எக்ஸெப்ஷன் 81 சதவீதத்துக்கு இறங்கியது. மெசோநெட் 70.47க்குப் போய்விட்டது. மனிதர்களையும் சோதித்தார்கள்: 204 பேர், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். சுருங்கிய வீடியோவில் அவர்கள் சரியாகச் சொன்னது 58.73 சதவீதம். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும்.

இந்த எண்களை வைத்து நான் எடுக்கும் முடிவு இது. குட்டி மாடல் ஃபார்வர்டுகளின் கடைசி ஆளிடம் இருப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை. படம் பிறக்கும் இடத்திலும் முதலில் நுழையும் வாசலிலும் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. இடித்த காரைப் படம் எடுத்து இன்சூரன்ஸ் கேட்கும் ஆப், கணக்குத் தொடங்க செல்ஃபி எடுக்கச் சொல்லும் வங்கி, உடைந்த பார்சலைக் காட்டிப் பணம் திருப்பிக் கேட்கும் கடை. அங்கெல்லாம் கேமராவிலிருந்து இறங்கிய அசல் கோப்பு அப்படியே கிடைக்கும். ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வாட்ஸ்அப் வதந்தியைத்தான் உதாரணமாகச் சொல்கிறார்கள், அதாவது இந்த மாடல்கள் படுமோசமாகத் தோற்கும் இடத்தை.

கூட்லு சிறுத்தை

தவறாகச் சொன்னால் என்ன ஆகும்? பன்னேர்கட்டா காடு ஆனேக்கலின் வாசலில் இருக்கிறது. சிறுத்தை வருவது இந்தப் பக்கத்தில் கட்டுக்கதை இல்லை. 2023 அக்டோபர் கடைசியில் கூட்லு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பின் சிசிடிவியில் ஒரு சிறுத்தை நடந்து போனது. நவம்பர் 1 அன்று அதைப் பிடிக்கும் முயற்சியில் அது செத்துப்போனது. சிறுத்தையை வாசலில் நிறுத்திப் படம் செய்து பயமுறுத்துவதும் இப்போது விளையாட்டாகிவிட்டது. வனத்துறை வேலை கெட்டு அலைகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஊர் குரூப்பில் 1,000 படங்கள் வருகின்றன. அதில் 10 போலி. நம் மாடல் 95 சதவீதம் சரியானது என்று வைத்துக்கொள்வோம். போலிகளில் 9 அல்லது 10ஐப் பிடித்துவிடும், சபாஷ். ஆனால் மீதி 990 நிஜப் படங்களிலும் 5 சதவீதத்தைப் போலி என்று கத்தும். அது கிட்டத்தட்ட 50. ஆக 60 முறை மணி அடித்தால் 50 முறை பொய் மணி. அந்த ஐம்பதில் ஒன்று, இருட்டில் மங்கலாகப் பதிவான நிஜச் சிறுத்தையாக இருந்துவிட்டால்? ‘ஏஐதான், போய்த் தூங்குங்கள்’ என்று போனே சொல்லிவிட்டால், விடிகாலையில் பால் கறக்கப் போகிறவர் என்ன செய்வார்?

போட்டிக்காகப் பழகிய மாடல்கள் வெளி உலகத்தில் தடுமாறுவதும் தெரிந்ததுதான். 2020இல் முடிந்த டீப்ஃபேக் கண்டுபிடிப்புப் போட்டியில் 2,114 பேர் கலந்துகொண்டார்கள். தெரிந்த மாதிரி வீடியோக்களில் அதிகபட்சத் துல்லியம் 82.56 சதவீதம். முன்னே காட்டாத புது வீடியோக்களில் முதலிடம் பிடித்த மாடலுக்குக் கிடைத்தது 65.18.

எது போலி என்பதிலேயே குழப்பம் வேறு. விலை குறைந்த பல போன்களின் செல்ஃபி கேமரா, கேட்காமலேயே முகத்தை வெளுத்து, தழும்பை அழித்துத்தான் படத்தைக் கொடுக்கிறது. அத்திபெலே சர்க்கிளில் நிற்கும் பிறந்தநாள் ஃப்ளெக்ஸைக் காட்டினால் மாடல் மயக்கம் போட்டு விழும்: தலைவர் ஒரு படத்தில், சிங்கம் ஒரு படத்தில், பின்னால் மின்னல் வேறெங்கிருந்தோ. அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். கைவைத்தார்களா என்பதை இயந்திரம் சொல்லலாம். ஏமாற்றினார்களா என்பதை அது சொல்லாது.

பொய் மணிக்கு முகத்தின் நிறமும் ஒரு காரணம். லோக் ட்ரின், யான் லியு இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், டீப்ஃபேக் கண்டுபிடிக்கும் மாடல்களின் பிழை விகிதம் இனத்தைப் பொறுத்து 10.7 சதவீதம் வரை வேறுபட்டது. பழக்கிய தொகுப்பில் நம்மைப் போன்ற முகங்கள் குறைவாக இருந்தால், பொய் மணி நம் முகத்துக்குத்தான் அதிகம் அடிக்கும்.

லோன் ஆப் அனுப்பிய படம்

போலிப் படங்களால் அதிகமாக அடி வாங்கியவர்களில் கடன் ஆப்பில் மாட்டியவர்களும் உண்டு. பத்தாயிரம் ரூபாய் அவசரம். ஆப்பை இறக்கினால் கேலரியையும் கான்டாக்ட் பட்டியலையும் கேட்கும். தவணை ஒரு நாள் தள்ளிப்போனால், முகத்தை நிர்வாணப் படத்தில் ஒட்டி அண்ணனுக்கும் சூப்பர்வைசருக்கும் மாமியாருக்கும் அனுப்பிவிடுவார்கள். ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021 நவம்பரில் கொடுத்த அறிக்கை, ஆப் ஸ்டோர்களில் பார்த்த சுமார் 1,100 கடன் ஆப்களில் 600 சட்டவிரோதமானவை என்றது. 2023 மே 31 முதல் கடன் ஆப்கள் போட்டோக்களையும் கான்டாக்டையும் தொடக் கூடாது என்று கூகுள் பிளே விதி போட்டது. அந்தக் கடைக்கு வெளியே இருந்து, லிங்க் வழியாக வரும் ஆப்களுக்கு அந்த விதி இல்லை.

இங்கே மாடலால் யாருக்கு லாபம்? படம் போலி என்பது படத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தெரியும். அனுப்பியவனுக்கும் தெரியும். தெரிய வேண்டியது நடுவில் இருக்கும் அண்ணனுக்கும் மாமியாருக்கும்தான். ‘94 சதவீதம் போலி’ என்று போன் சொன்னால், மிச்சம் 6 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு பேசும் வீடுகளும் உண்டு. நிரூபிக்கும் சுமை இவள் தலையில் ஏறுவதே அநியாயம். அதை இயந்திரம் கொண்டு இறக்கிவிடலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

படத்தைப் பரவவிடாமல் நிறுத்துவதுதான் அவசரம். ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவை 2021 டிசம்பரில் தொடங்கியது. படத்தை வாங்காமல், போனிலேயே அதன் ‘ஹேஷ்’ என்ற எண் முத்திரையை மட்டும் உருவாக்கி எடுத்துக்கொள்கிறது. அதில் சேர்ந்திருக்கும் சமூக வலைத்தளங்கள் அந்த முத்திரை கொண்ட படத்தைத் தடுக்கின்றன. குட்டி மாடல்களின் தத்துவமும் அதுவே: கணக்கு போனில், படம் போனை விட்டு நகராது.

■ பெட்டிச் செய்தி: மார்ஃபிங் படம் வந்தால்

பயத்தில் அழித்துவிடாதீர்கள். வந்த மெசேஜ், எண், நேரம், லிங்க் எல்லாம் சாட்சி.

1930-க்குப் போன் செய்யுங்கள், அல்லது தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுங்கள். பக்கத்துக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்.

வலைத்தளத்துக்கு நேரடியாகவும் புகார் செய்யுங்கள். மார்ஃபிங் படங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடும் 2021 ஐடி விதிகள், நீக்க 24 மணி நேரக் கெடு வைத்தன. 2026 பிப்ரவரித் திருத்தம் அதை இன்னும் குறைத்தது.

படத்தை வக்கீலுக்கோ போலீசுக்கோ அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். மறுபடி சுருங்காது.

18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ. சிறுவர் சிறுமியருக்கு ‘டேக் இட் டவுன்’ சேவை.

படத்தையே பார்க்காதே

ஆனேக்கலில் இன்னொரு வகைப் படம் பெருவாரியாக ஓடுகிறது: பத்திரம். மனை வாங்கப் போனால் முதலில் வருவது வாட்ஸ்அப்பில் ஒரு காத்தா (சொத்துக் கணக்கு) நகல், ஒரு வில்லங்கச் சான்று, ஒரு ஆதார். 2025 நவம்பரில் பெங்களூரு பொறியாளர் ஒருவர், இல்லாத ஓர் ஆள் பெயரில் நானோ பனானாவைக் கொண்டு பான் கார்டும் ஆதாரும் செய்து காட்டினார். ஒட்டுப் போட்ட இடமே அதில் கிடையாது, முழுத் துணியும் புதிதாக நெய்தது. ஒட்டைத் தேடப் பழகிய மாடலுக்கு அங்கே தேட ஒன்றும் இல்லை.

இதற்கு மருந்து கூர்மையான மாடல் இல்லை. ஆதாரின் கியூஆரில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது, அதை அதிகாரபூர்வ ஆப்பில் ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம். காத்தாவை அரசுப் பதிவேட்டில் நேரே பார்த்துக்கொள்ளலாம். காய்கறிக் கடைக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். பணம் போட்டதாக ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுகிறவர்கள் பெருகியதும், அவர்கள் ஸ்கிரீனைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். சவுண்ட் பாக்ஸ் வாய் திறந்து தொகையைச் சொன்னால்தான் பை கைக்கு வரும்.

கேமராக்காரர்களும் அந்த வழியில்தான் வருகிறார்கள். அடோபி, ஆர்ம், பிபிசி, இன்டெல், மைக்ரோசாஃப்ட், ட்ரூபிக் சேர்ந்து 2021இல் தொடங்கிய சி2பிஏ அமைப்பு, படம் எடுக்கும்போதே கையெழுத்திட்ட பிறப்புச் சான்று ஒன்றைக் கோப்புக்குள் வைக்கும் தரத்தை வகுத்தது. 2023இல் லைகா எம்11-பி கேமராவிலும் 2025இல் பிக்செல் 10 போனிலும் அது வந்துவிட்டது. இரண்டும் ஜிகணி ஷிஃப்ட் தொழிலாளி வாங்கும் விலை இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அந்தச் சான்றும் போய்விடும்.

கோர்ட் வாசலில்

கடைசியில் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றுக்கு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹேஷ் எண்ணையும் குறிப்பிட வேண்டும். இரண்டு பகுதி: ஒன்றில் சான்றைத் தருபவர் கையெழுத்து, இன்னொன்றில் நிபுணர் கையெழுத்து. ஹேஷ் சொல்வது, கைப்பற்றிய பிறகு யாரும் கோப்பை மாற்றவில்லை என்பதை மட்டும். கைப்பற்றும் முன்பே அது போலியாக இருந்ததா என்பது வேறு கேள்வி. அதற்குத் தடயவியல் ஆய்வு வேண்டும்.

ஒரு மொபைல்நெட் மாடல் சாட்சிக் கூண்டில் ஏறினால் எதிர்க்கட்சி வக்கீல் கேட்கப்போவதை இப்போதே சொல்லிவிடலாம். எந்தப் படங்களில் பழக்கினீர்கள்? சுருங்கிய படத்தில் இதன் பிழை எவ்வளவு? இந்த முடிவுக்குப் படத்தின் எந்தப் பகுதி காரணம்? ‘87 சதவீதம்’ என்று மட்டும் சொல்லும் மாடலுக்கு மூன்றாவது கேள்விக்கே பதில் இருக்காது. அதனால்தான் எந்த இடத்தில் கைவைத்தார்கள் என்று படத்தின் மேலேயே நிறம் தீட்டிக் காட்டும் மாடல்களை ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். மத்திய அரசின் இந்தியாஏஐ திட்டம் 2025இல் தேர்ந்தெடுத்த டீப்ஃபேக் கண்டறியும் ஆய்வுகளில் ஐஐடி ஜோத்பூரும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து செய்யும் ‘சாக்ஷ்யா’வும் ஒன்று. பெயரே சாட்சி.

ஒரு தாலுகா காவல் நிலையத்தில் குட்டி மாடலுக்குச் செய்ய வேலை இருக்கிறது. புகாரோடு வந்து சேரும் போன்களில் எதை முதலில் மடிவாளா தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று ஏட்டு வரிசைப்படுத்த அது உதவலாம். அங்கே அடிக்கும் பொய் மணியால் வரிசைதான் கொஞ்சம் மாறும். யாரும் ஜெயிலுக்குப் போக மாட்டார்கள். அதற்கும், புகார் கொடுக்கும்போதே அசல் கோப்பைப் புகார்தாரரின் போனிலிருந்து கேபிள் போட்டு நேரே எடுக்க வேண்டும். ஏட்டின் வாட்ஸ்அப்புக்குப் போட்டோவாக அனுப்பச் சொன்னால், தடயம் ஸ்டேஷன் வாசலிலேயே அழிந்துவிடும்.